வெளியே போகவேண்டிய பந்து

பெரிய கிளப்பிலிருந்து அழைப்பு வந்தபோது பூட்டு ஒரு அலமாரியின் மேல்பாதியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தான். கீழ்ப்பாதி அவன் மனைவியின் கையில் இருந்தது. சட்டைப் பையில் கைபேசி அடித்தது.

“எடுத்தீங்கன்னா அலமாரி என் மேலதான் விழும்,” என்றாள் அவள்.

எடுத்தான். அலமாரி விழவில்லை. அவள் அதைத் தோளால் முட்டுக் கொடுத்து, சுவரோடு சாய்த்துக்கொண்டு, முழுப் பேச்சையும் அந்தக் கோலத்திலேயே கேட்டாள். வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவளுக்கு அது பெரிய வித்தை இல்லை.

பூட்டு என்பது பட்டப்பெயர். கால்பந்தில் அவன் கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரன். வேகம் கிடையாது, பார்க்க அழகான ஆட்டமும் கிடையாது. ஆனால் எதிரணியில் ஒருவனைப் பிடித்துக்கொண்டால் கடைசி விசில்வரை விடமாட்டான். ஒருவன் தண்ணீர் குடிக்கப் போனபோதுகூடப் பின்னாலேயே போய் நின்றிருக்கிறான். இந்த ஒரு திறமையை வைத்துக்கொண்டு பதினொரு கிளப் பார்த்துவிட்டான். கிளப்புக்கு ஒரு ஆள் எடுத்தால் ஒரு டீமே தேறும் என்பது அவன் மச்சினனின் கணக்கு. எல்லாம் சின்ன கிளப். கூரை ஒழுகும் உடைமாற்றும் அறை, ஒரே ஒரு குழாய், மேட்ச் முடிந்தால் கோல்வலையை அவிழ்த்து மடித்து வைப்பதும் ஆட்டக்காரர்கள்தான்.

பெரிய கிளப்புக்கு ஒரே வாரத்தில் மூன்று தடுப்பாட்டக்காரர்கள் படுத்துவிட்டார்கள். ஒருவனுக்கு முட்டி, ஒருவனுக்குக் கணுக்கால். மூன்றாமவன் சொந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தான். சீசன் முடியும்வரை ஒரு ஆள் வேண்டும், உடனே வேண்டும், வேறு எங்கும் கையெழுத்துப் போடாத ஆளாக இருக்கவேண்டும். அப்படி மிச்சம் இருந்தது பூட்டு ஒருவன்தான். கூப்பிட்டவரும் இதை மறைக்கவில்லை.

கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அவன் அலமாரியை மறுபடி பிடித்துக்கொண்டான்.

“ஒரே ஒரு மேட்ச்,” என்றான். “அந்த கிரவுண்டுல ஒரு மேட்ச் ஆடிட்டேன்னா போதும். அப்புறம் முட்டி போனாலும் போகட்டும்.”

“மொதல்ல இந்தப் படியைத் தாண்டுங்க.”

அவன் பேராசைக்காரன் இல்லை. கோப்பை, பேட்டி, பாராட்டு எதையும் அவன் கேட்கவில்லை. விளையாட ஆரம்பித்த நாளிலிருந்து டிவியில் மட்டும் பார்த்த அந்தப் புல்லில், உண்மையான மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது, கோட்டுக்கு உள்ளே நிற்கவேண்டும். அவ்வளவுதான். முட்டி இன்னும் இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம் என்று அவனுக்குத் தெரியும். மறுபடி ஒரு முறை மூன்று பேர் ஒன்றாகப் படுக்கமாட்டார்கள்.

மனைவிக்கு ஊர் மாறுவதில் சிரமமில்லை. அவள் முடி வெட்டுகிறவள். எந்த ஊர் ஆனாலும் முடி வளரத்தான் செய்கிறது என்று சொல்லிக் கத்தரிக்கோல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கிளப் கொடுத்த வீட்டில் லிஃப்ட் இருந்தது. வீட்டுக்கு எதிரிலேயே ஒரு சலூனில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது. வந்த முதல் வாரத்திலேயே அவள் ஊரோடு சமாதானம் ஆகிவிட்டாள்.

பூட்டுக்குத்தான் கொஞ்சம் நாள் பிடித்தது. உடைமாற்றும் அறையின் தரை காலுக்குக் கதகதப்பாக இருந்தது. அவனுடைய நம்பர் போட்ட சட்டை, இஸ்திரி போட்டு, கொக்கியில் தொங்கியது. பயிற்சி முடிந்ததும் பழக்கதோஷத்தில் சாக்ஸைக் குழாயடியில் அலசப் போனவனை சலவைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஓடிவந்து தடுத்தார்.

“தம்பி, நீ துவைச்சா எனக்கு இங்க என்ன வேலை?”

அன்றிலிருந்து இருவரும் சிநேகிதம். அவரை எல்லோரும் சலவை அண்ணன் என்பார்கள். இன்னொரு சிநேகிதம் கோல்கீப்பர். உயரத்துக்காக அவன் பெயர் ஏணி. வயதில் ரொம்பச் சின்னவன், பூட்டை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். மற்றவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குப் பூட்டு என்ற ஒருவன் வந்திருக்கிறான் என்பது மனதில் பதியவில்லை. ஒருவன் அவனைப் புது டிரைவர் என்று நினைத்து, காரைக் கொஞ்சம் நிழலில் நிறுத்தச் சொன்னான். பூட்டு நிறுத்திவிட்டு வந்தான். அருமையான கார்.

மேட்ச் வந்தது. ஆடவில்லை. அடுத்த மேட்ச்சும் போனது. மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்ச் அங்கே பெயருக்குத்தான் பெஞ்ச். சொகுசுப் பேருந்து இருக்கை மாதிரி சாய்மானம், முதுகுக்குச் சூடு. அந்தச் சூட்டில் அவனுக்குத் தூக்கம் சொக்கியது. கோச் அவனைப் பார்த்துத் திரும்பும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவான். கோச் அவனைத் தாண்டிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் ஆடுகிற ஒருவனைப் பின்னால் இழுத்து, இன்னொரு சின்னப் பையனைத் தேற்றி, கோச் எப்படியோ ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். அடைப்பு விட்டுப்போனால்தான் பூட்டு.

மச்சினன், மனைவியின் தம்பி, வேறொரு ஊரில் டயர் கடை வைத்திருந்தான். கடையில் டிவி வைத்து, வருகிறவர்களை எல்லாம் பிடித்து உட்காரவைத்து மேட்ச் காட்டினான். முதல் மாதம் முடிகிறபோது கூப்பிட்டான்.

“மாமா, நேத்து உங்க முட்டி தெரிஞ்சுது.”

“எந்த முட்டி?”

“இடது. கோச்சைக் காட்டறப்போ ஓரத்துல. கடையில எல்லாரும் கை தட்டினோம்.”

பிறகு அந்த மேட்ச் வந்தது. சொந்த மைதானம், அரங்கம் நிறைந்த கூட்டம். பெரிய கிளப் ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. எதிரணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டை அடைத்துக்கொண்டிருந்த பையனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அவன் நொண்ட ஆரம்பித்தான். பூட்டு அப்போது ஏணியின் கோலுக்குப் பக்கவாட்டில், கடைசிக் கோட்டுக்கு வெளியே, உடம்பைச் சூடேற்றிக் குதித்துக்கொண்டிருந்தான். அந்த மைதானத்தில் மாற்று ஆட்டக்காரர்களுக்கு அதுதான் இடம். தூரத்தில் பெஞ்ச் பக்கம் உதவிக் கோச் எழுந்து நின்று அவனைப் பார்த்துக் கையை ஆட்டினார். வா, வா.

பூட்டு தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. அவனைத்தான். குதிக்கும்போது போட்டிருந்த மேல்சட்டையை உருவினான். பல்லெல்லாம் தெரிகிறது என்று அவனுக்கே தெரிந்தது.

அந்த நேரம் எதிரணிக்காரன் ஒருவன் அடித்த பந்து கோலுக்கு எங்கேயோ தள்ளி, ஆள் யாரும் தொடாமல், சோம்பேறித்தனமாக உருண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. ஏணி அதைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றான். போகட்டும். முன்னால் இருக்கிற அணிக்கு அதைவிட இனிமையான காட்சி இல்லை. பந்து வெளியே போகும், யாராவது மெதுவாக எடுத்து வருவார்கள், நேரம் போகும்.

சின்ன கிளப்புகளில் இது வேறு. அங்கே பந்தே இரண்டுதான் இருக்கும், அதில் ஒன்றுக்குக் காற்று நிற்காது. பூட்டு ஆடிய ஒரு மைதானத்தில் கோலுக்குப் பின்னால் சாக்கடை. இன்னொன்றில் லாரி போகிற சாலை. இன்னொன்றில் பந்தைத் திருப்பித் தராத ஒரு வீட்டுக்காரர், அவரைவிட மோசமான நாய். அதனால் பெஞ்சில் இருக்கிறவன் சும்மா இருக்கக்கூடாது. கோலுக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும். பந்து வந்தால் காலை நீட்டி நிறுத்தவேண்டும். விட்டவன்தான் சாக்கடையில் இறங்கவேண்டும். பூட்டு பலமுறை இறங்கியிருக்கிறான். அதற்கப்புறம் விட்டதே இல்லை.

பந்து அவனிடம் வந்தது. அவன் ஒரு காலைக் கோட்டைத் தாண்டி நீட்டி, பதமாக, பஞ்சுமெத்தையில் வைப்பதுபோல நிறுத்தினான். அன்றைக்கு அந்த மைதானத்தில் யாரும் பந்தை அவ்வளவு சுத்தமாக அடக்கவில்லை.

ஆனால் பந்து இன்னும் கோட்டைத் தாண்டவில்லை. ஒரு சாண் பாக்கி இருந்தது.

கோட்டோர நடுவர் கொடியைத் தூக்கினார். பெரிய நடுவர் ஓடிவந்தார். வெளியே இருக்கிற மாற்று ஆட்டக்காரன், ஆட்டத்தில் இருக்கிற பந்தை, பெனால்டி கட்டத்துக்குள் தொட்டால் எதிரணிக்குப் பெனால்டி. சட்டம் அதுதான். நடுவர் மஞ்சள் அட்டையை மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி எடுத்துக் காட்டினார். அரங்கத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஏதோ ஒரு மூலையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார்.

ஏணி பக்கத்தில் வந்தான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. தெரிந்துகொள்ளும் ஆர்வம்தான் இருந்தது.

“அண்ணே, அது வெளியதானே போயிட்டிருந்துச்சு?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?”

“சாக்கடையில விழுந்துடும்னு.”

ஏணி சுற்றிலும் பார்த்தான். பளபளக்கும் விளம்பரப் பலகை, கம்பளம் மாதிரி புல், வரிசையாக அடுக்கிவைத்த பத்துப் பன்னிரண்டு பந்து.

“இங்க ஏதுண்ணே சாக்கடை?”

பெனால்டி கோல் ஆனது. ஆட்டம் சமன். இனித் தடுப்பாட்டக்காரன் எதற்கு, கோல் போடுகிறவன்தானே வேண்டும். உதவிக் கோச் கையை இன்னொருவன் பக்கம் ஆட்டினார். பூட்டு மேல்சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, அந்த நீளமான மைதானத்தின் ஓரமாக, கூட்டம் முழுவதும் பார்க்க நடந்து வந்து, சூடான இருக்கையில் உட்கார்ந்தான்.

கோச் கத்துகிறவர் இல்லை. மேட்ச் முடிந்ததும் அவனைத் தனியாக அழைத்து, சட்டம் தெரியாதா என்று மட்டும் கேட்டார்.

“எனக்குத் தெரியும் சார். காலுக்குத் தெரியல.”

கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பூட்டு பார்த்தான். அழுகிறார் என்று முதலில் பயந்துவிட்டான்.

மறுநாள் விடிவதற்குள் அந்தக் காட்சி ஊரெல்லாம் கைபேசியில் சுற்றியது. சலூனில் ஒரு வாடிக்கையாளர் அம்மாள் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிப் பூட்டின் மனைவிக்கே அதைப் போட்டுக் காட்டினாள். சிரிப்பில் அந்த அம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்தது. இந்த மாதிரி ஆளைக் கட்டிக்கொண்டவள் பாவம், என்ன பாடுபடுகிறாளோ என்றாள்.

“அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா,” என்றாள் கத்தரிக்கோல் வைத்திருந்தவள். “தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்.”

டயர் கடையில் வியாபாரம் கூடியது. ஒரு நிமிஷம்கூட ஆடாமல் கோல் விட்ட மனிதன் உலகத்திலேயே மாமா ஒருவர்தான் என்று மச்சினன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நல்லாத் தேடிப் பார், வேறு எவனாவது இருப்பான் என்றான் பூட்டு. இருந்தால் அவனோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அவமானம் அவனிடம் ரொம்ப நாள் தங்காது. தங்குகிற ஆளாக இருந்தால் மூன்றாவது கிளப்பிலேயே செருப்பு விற்கப் போயிருப்பான். அடுத்த மேட்ச்சில் அவன் கோலுக்குப் பின்னால் குதிக்க வந்ததும் அரங்கத்தின் ஒரு பக்கம் எழுந்து நின்று, “பூட்டு, பிடி!” என்று கத்தியது. அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பந்து வந்த பக்கமே பார்க்காமல், நாலடி தள்ளிக் குதித்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அதிலிருந்து ஒவ்வொரு மேட்ச்சிலும் இது வழக்கமாகிவிட்டது. பந்து வெளியே போனால் போதும், “பூட்டு, பிடி!” பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்காத சத்தம் அவனுக்குக் கிடைத்தது. நிழலில் காரை நிறுத்தச் சொன்னவன்கூட இப்போது தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டான்.

ஆனால் ஆடவில்லை. கணுக்கால்காரன் திரும்பி வந்தான். குளியலறைக்காரனும் வந்துவிட்டான். ஓட்டைகள் அடைந்துகொண்டே வந்தன. சீசன் முடியச் சில மேட்ச்தான் பாக்கி. சலவை அண்ணன் அவன் சட்டையைக் கொக்கியில் மாட்டும்போது, அழுக்கே இல்லாததைத் துவைத்துத் துவைத்து நிறம் போய்விட்டது என்று வருத்தப்பட்டார்.

அப்போதுதான் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவன் வந்தான். வெள்ளை வெளேர் என்று ஷூ, கையில் இரண்டு கைபேசி. இன்னும் ஒரு வருஷம் பூட்டு இங்கேயே இருக்கவேண்டும் என்று கிளப் ஆசைப்படுகிறது என்றான். கடை திறப்புவிழா, பள்ளிக்கூடம், குழந்தைகளோடு கைகுலுக்கல், வாரத்துக்கு ஒரு வீடியோ. சம்பளம் இதே சம்பளம், வீடு இதே வீடு.

பூட்டு நேராகக் கோச்சிடம் போனான்.

“அடுத்த வருஷம் இருந்தா ஆடுவேனா சார்?”

கோச் யோசிக்கவே இல்லை. “இல்ல.”

“ஒரு மேட்ச்கூட?”

“நீ இருந்தா பசங்க சிரிச்சுக்கிட்டு இருக்கானுங்க. எனக்கு அது வேணும். ஆனா ஆட விடறேன்னு பொய் சொல்லி உன்னை வெச்சுக்கமாட்டேன்.”

நல்ல மனுஷன்தான். பூட்டுக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போனது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னான். மனைவி ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள்.

“உக்காந்தா சம்பளம் தர்றாங்களா?”

“ஆமா.”

“நான் ஒரு நாள் உக்காந்தா என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. ஒரு வருஷம் உக்காருங்க. என்ன, தேஞ்சா போயிடுவீங்க?”

அவள் சொன்னது சரி. எவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். கடைசி மேட்ச் முடிந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்று விளம்பரக்காரனிடம் சொல்லியும் விட்டான். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவன் தொல்லை தாங்கவில்லை என்று அவள் தம்பியிடம் புகார் சொன்னாள். சும்மா இருக்கிற பந்து, தலையணை, உருளைக்கிழங்கு எதையாவது காலால் உருட்டிக்கொண்டே இருக்கிறான், கேட்டால் எரிந்து விழுகிறான்.

கடைசி மேட்ச்சுக்கு மச்சினனும் கடையைச் சாத்திவிட்டு வந்தான். அக்காவும் தம்பியும் கோலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். பெரிய கிளப் மூன்று கோல் முன்னால். எதிரணிக்கு எப்போது வீட்டுக்குப் போவோம் என்று இருந்தது. கூட்டத்துக்கும் அலுத்துவிட்டது. வேடிக்கை வேண்டும். ஒரு பக்கம் ஆரம்பித்து அரங்கம் முழுவதும் அவன் பெயரைச் சொல்லித் தட்ட ஆரம்பித்தது. பூட்டு, பூட்டு, பூட்டு.

கோச் பெஞ்ச் பக்கம் திரும்பினார். இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“போ. அவங்க சிரிக்கணும்னு அனுப்பறதா நெனச்சுக்காத.”

“வேற எதுக்கு சார்?”

கோச் கொஞ்சம் யோசித்தார். “சரி, அதுக்குத்தான். போ.”

அவன் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தபோது எழுந்த சத்தம் அந்த வருஷம் கோல்களுக்குக்கூட எழவில்லை. இரண்டு பக்கமும் கைபேசிகள் உயர்ந்தன. விளம்பரக்காரன் கேமராக்காரனைக் கோலுக்குப் பின்னால் விரட்டினான். எதிரணியில் முன்னால் ஆடிய இளசு ஒருவன் சிரித்துக்கொண்டே, வெளியே பந்து போகிறது பாருங்கள் அண்ணே, போய்ப் பிடியுங்கள் என்றான்.

பூட்டு அவனைப் போய் ஒட்டிக்கொண்டான்.

இளசு இடப்பக்கம் ஓடினான். பூட்டு இடப்பக்கம். வலப்பக்கம் திரும்பினான். பூட்டு அங்கே. அவனுக்கு ஒரு பந்து வந்தது. திரும்பி அடிப்பதற்குள் பூட்டின் கால் முன்னால் வந்து பந்தைச் சத்தமில்லாமல் எடுத்து, பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளியது. உயரத்தில் ஒரு பந்து வந்தது, தலையால் முட்டி அனுப்பினான். மறுபடி ஒன்று. அதையும் எடுத்தான். விழவில்லை, தடுக்கவில்லை, யாரையும் இடிக்கவில்லை. வெளியே போன பந்தை வெளியே போகவிட்டான். இளசின் சிரிப்பு நின்று, கெட்ட வார்த்தை ஆரம்பித்தது. பூட்டுக்கு அது காதுக்கு இதமாக இருந்தது.

கூட்டம் காத்திருந்தது. இப்போது ஏதாவது செய்வான், இதோ செய்வான் என்று பார்த்தது. ஒழுங்காக வேலை செய்கிற ஒருவனை எவ்வளவு நேரம் பார்ப்பது? கைபேசிகள் ஒவ்வொன்றாக இறங்கின. வண்டி நிறுத்திய இடத்தில் நெரிசல் ஆகுமே என்று ஜனங்கள் எழுந்து நகர ஆரம்பித்தார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தபோது பூட்டு மூச்சு வாங்க அவரிடம் ஓடினான்.

“சார், இன்னும் ஒரு ரெண்டு நிமிஷம் குடுங்க.”

“யோவ், நீங்கதான் மூணு கோல் முன்னால இருக்கீங்க.”

விசில் அடித்துவிட்டார்.

நடைபாதையில் விளம்பரக்காரன் அவனை வழிமறித்தான். முகம் தொங்கிப்போயிருந்தது. ஒரு தடவையாவது அந்தப் பழைய வேலையைக் காட்டியிருக்கலாமே அண்ணே, கேமரா எல்லாம் தயாராக வைத்திருந்தோமே என்றான். பந்து உள்ளே இருக்கும்போது அதற்கு நேரம் ஏது தம்பி என்றான் பூட்டு. பிறகு, கையெழுத்துப் போடப்போவதில்லை என்று சொன்னான். திட்டம் போட்டுச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. விளம்பரக்காரனும் பெரிதாகக் கெஞ்சவில்லை. அன்றைய ஆட்டத்தைப் பார்த்தபின் அவனுக்கும் ஆசை விட்டுப்போயிருந்தது.

வெளியே மனைவியும் மச்சினனும் நின்றிருந்தார்கள். மச்சினன் அவனைக் கட்டிப்பிடித்து, வேர்வை ஒட்டிக்கொண்டதும் விட்டுவிட்டான். கையெழுத்துப் போடவில்லை என்று அவளிடம் சொல்ல எப்படித் தொடங்குவது என்று பூட்டு தொண்டையைச் செருமினான்.

“போடலைன்னு தெரியும்,” என்றாள் அவள். “ஜனம் பூரா வீட்டுக்குக் கெளம்புது. நீங்க ஒருத்தர் மட்டும் அந்த ஆள்கிட்ட போய் டைம் கேட்டுக்கிட்டு நிக்கறீங்க. வெக்கமா இல்ல?”

“குடுக்கல.”

“பாத்தேன். உங்க வயசுக்குப் பரவாயில்லாமதான் ஆடினீங்க.”

அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. பூட்டு அங்கேயே நின்றபடி கைபேசியை எடுத்து, தெரிந்த சின்ன கிளப் கோச் ஒருவரைக் கூப்பிட்டான். அவர்கள் இருப்பது லீக்கில் இரண்டு படி கீழே, வருஷாவருஷம் இன்னும் கீழே போவதற்குப் பாடுபடுகிற கிளப். மச்சினனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

“ஆள் வேணுமா?”

“யாரு, பூட்டா? பெரிய இடத்துல இருக்கியேப்பா. இங்க வந்து என்ன பண்ணப்போற?”

“மொதல்ல சொல்லுங்க. வந்தா ஆடணுமா, உக்காரணுமா?”

மறுமுனையில் அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

“உக்காரவா? எங்ககிட்ட மொத்தமே பத்துப் பேர்தான்ப்பா இருக்கான்.”

பூட்டு கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய லாட்டரி விழுந்தவன் மாதிரி நின்றான்.

“வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க,” என்றாள் மனைவி. “எவனாவது முந்திக்கறதுக்குள்ள சரின்னு சொல்லுங்க.”